மறுநாள் அதிகாரங்கள்

அந்தப் புத்தகத்துக்கு அட்டை இல்லை. முன்பக்கங்கள் சிலவும் பின்பக்கங்கள் சிலவும் எங்கள் கைக்கு வருமுன்பே கழன்று போயிருந்தன. அதனால் அதன் பெயரோ, எழுதியவர் பெயரோ, தமிழில் ஆக்கியவர் பெயரோ எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அக்கா அதற்குப் பழைய கலண்டர்த் தாளில் உறை போட்டு வைத்திருந்தாள். படம் உட்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம். உறை நைந்து போனால் அடுத்த ஆண்டுக் கலண்டர் வரும். பெயர் தெரியாத அந்த நூலை அவள் சிபாரிசு செய்ததுபோல வேறு எவரும் எந்த நூலையும் சிபாரிசு செய்து நான் கண்டதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் பேச்சு எப்படியோ அங்கே போய் நிற்கும். "ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. பிடிக்காட்டித் திருப்பித் தாங்கோ," என்பாள். தபால்காரருக்கும் கொடுத்தாள், எங்கள் பல் வைத்தியருக்கும் கொடுத்தாள்.

எண்பத்து மூன்றில் அக்கா கொழும்பில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சரித்திரத்தில் பட்டம் பெற்றவளுக்கு அதற்கேற்ற வேலை கிடைக்கவில்லை. தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்துவிட்டாள். நடைபாதையில் பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் அந்தப் புத்தகத்தை வாங்கி வாசிக்கத் தொடங்கிய நாட்களில்தான் தமிழர்களுக்கு எதிரான ஆடிக் கலவரம் வந்தது. அவள் குடியிருந்த வீட்டைக் கொளுத்த வந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அவளை மதிலுக்கு மேலால் தூக்கி இறக்கித் தங்கள் குசினிக்குள் அடுப்பின் பக்கத்தில் ஒளித்து வைத்தது. அங்கிருந்து அகதி முகாம், முகாமிலிருந்து சரக்குக் கப்பல், கப்பலிலிருந்து காங்கேசன்துறை. துறைமுகத்துக்குப் போய் நான்தான் கூட்டிவந்தேன். அவளிடம் ஒரு கைப்பை மட்டும் இருந்தது. வீட்டுக்கு வந்து அதைத் திறந்தபோது சீப்பும், அடையாள அட்டையும், அந்தப் புத்தகமும் வந்தன. "முகாமிலை இதைத்தான் வாசிச்சுக்கொண்டு கிடந்தனான். இதை எழுதினவனும் பயந்திருக்கிறான், தம்பி," என்றாள். அதற்குமேல் அந்த நாட்களைப் பற்றி அவள் பேசியது குறைவு.

அது மிகப் பழைய காலத்துப் போர் ஒன்றின் வரலாறு. ஒரு குடாக்கடலின் இரு கரைகளில் இருந்த இரண்டு துறைமுக நகரங்கள் ஒரு தலைமுறைக் காலம் மோதிக்கொண்டதைச் சொல்வது. எழுதியவன் ஒரு பக்கத்துப் படையில் கேடயம் சுமந்தவன்; காலில் காயம்பட்டு, இனிமேல் சண்டைக்கு உதவமாட்டான் என்று ஆனபின் எழுத உட்கார்ந்தவன். முற்றுகைகள், மதில் இடிக்கும் பொறிகள், துடுப்புக் கப்பல்கள் ஒன்றையொன்று முட்டி உடைத்தது எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒவ்வொரு சண்டையைப் பற்றிய அதிகாரமும் முடிந்தவுடன் 'மறுநாள்' என்ற தலைப்பில் ஒரு சிறிய அதிகாரம் வரும். அடுத்த நாள் காலை நகரத்தில் நடந்தது மட்டும் அதில் இருக்கும். யார் கிணற்றடிக்கு வந்தார்கள், யார் வரவில்லை. எந்த வீட்டில் அடுப்பு மூட்டப்பட்டது. இறந்தவர்களை எடுத்துவரப் போனவர்கள், முகம் அடையாளம் தெரியாமல் ஒருவனை வேறொருவர் வீட்டு வாசலில் கிடத்திவிட்டு எப்படி விறைத்துப்போய் நின்றார்கள். வென்ற சண்டைக்கும் தோற்ற சண்டைக்கும் அவன் எழுதும் மறுநாள் ஒரே மாதிரித்தான் இருக்கும். "சண்டை வாற பக்கங்களைத் தட்டிக்கொண்டு போங்கோ. மறுநாளை மட்டும் ஆறுதலா வாசியுங்கோ," என்று சொல்லித்தான் அக்கா புத்தகத்தைக் கையில் கொடுப்பாள்.

அடுத்த ஆண்டு நல்லூரில் எங்கள் வீட்டு வளவுக்குள் தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில் போட்டு நாங்கள் இருவரும் ரியூட்டரி தொடங்கினோம். நான் கணக்கு, அவள் சரித்திரம். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பல ஊர்களிலிருந்தும் சைக்கிளில் வருவார்கள். சிலநாள் ஒரு வாங்குப் பலகையில் ஒரு இடம் வெறுமையாக இருக்கும். காய்ச்சலாக இருக்கும் என்று முதல்நாள் நினைப்போம். அடுத்த கிழமை தாய் வந்து வாசலில் நிற்பார். ஆயுதம் தூக்கி இயக்கத்துக்குப் போன பிள்ளைகளைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசிக்கொள்ளாத காலம் அது. போகாதையுங்கோ என்று வகுப்பில் நின்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் துணிவு வராது. சொன்னது எந்தக் காதுக்குப் போகும், போனால் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. அக்கா தனக்குத் தெரிந்த ஒரு வழியைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பெடியனின் கண் யன்னலுக்கு வெளியே போகத் தொடங்குகிறதோ, அவனைக் கூப்பிட்டு அந்தப் புத்தகத்தைக் கொடுப்பாள். போர் பற்றியது என்றால் மறுக்காமல் வாங்கிப் போவார்கள். வாசித்தால் மனம் கொஞ்சம் நின்று யோசிக்கும் என்று அவள் நம்பினாள்.

அப்படிக் கொடுத்தவர்களில் ஒருவன்தான் குருநகர்ப் பெடியன். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தோணி மட்டும் கடற்படையின் சூட்டு ஓட்டைகளோடு கரை ஒதுங்கியது. தாய் பனையோலைக் கடகத்தில் மீன் சுமந்து விற்று அவனைப் படிப்பித்தார். மிகவும் அமைதியான பிள்ளை. கூச்சம் அதிகம். அக்கா கேள்வி கேட்டால் பதில் தெரிந்திருந்தாலும் மேசையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வான். தொண்ணூறில் மறுபடி சண்டை மூண்டு, பட்டணத்துக் கோட்டைக்குள் இராணுவமும் வெளியே இயக்கமுமாக நின்றபோது, பக்கத்தில் இருந்த குருநகரில் ஒருவரும் இருக்க முடியாமல் போயிற்று. தாயும் மகனும் நல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாகத் தங்கினார்கள். அவன் வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆனால் குண்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மற்றவர்கள் தலையைக் குனிவார்கள். அவன் நிமிர்ந்து சத்தம் வந்த திசையைப் பார்ப்பான். அக்கா அதைக் கவனித்தாள். அன்றைக்கே புத்தகத்தை அவனிடம் கொடுத்தாள்.

சில நாட்களில் திருப்பிக் கொண்டுவந்தான். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு அங்கேதான் நின்றேன். "வாசிச்சனியோ?" என்று அக்கா கேட்டாள். "ஓம் ரீச்சர். நல்லாயிருந்தது." "எந்த இடம் பிடிச்சது?" அவன் சிரித்துக்கொண்டு, "எல்லாம்தான்," என்றான். அக்காவின் முகம் மலர்ந்தது. அன்று மாலை என்னிடம், "உவன் போகமாட்டான், நிப்பான், தம்பி. உவனுக்கு விளங்கியிருக்கு," என்றாள். அதற்கடுத்த கிழமை அவனுடைய இடம் வெறுமையாக இருந்தது.

அந்த அம்மா வந்தது ஒரு மத்தியான நேரம். கடகத்தை வாசல் படலையடியில் இறக்கி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு நேரே கொட்டிலுக்குள் வந்தார். மெலிந்த, உயரமான பெண். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. வகுப்பு முடிந்து நாங்கள் இருவர் மட்டும் நின்றோம்.

"சரித்திரம் படிப்பிக்கிற ரீச்சர் ஆர்?"

"நான்தான். இருங்கோ அம்மா."

"நான் இருக்க வரேல்லை. என்ரை பெடியன் இயக்கத்துக்குப் போட்டான். உங்கடை சண்டைப் புத்தகத்தைத் தலைமாட்டிலை வைச்சுக்கொண்டு படுத்தவன். அதைத் திருப்பித் தந்திட்டு அந்தக் கிழமையே போட்டான். என்ன எழுதிக் கிடக்கு அதுக்குள்ளை?"

அக்கா மெதுவாக, "அது சண்டைக்குப் போகச் சொல்லுற புத்தகம் இல்லை, அம்மா. போகவேண்டாம் எண்டு நினைச்சுத்தான் குடுத்தனான்," என்றாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாது எண்டபடியாலை நீங்கள் எதையும் சொல்லலாம்."

அவர் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிப் போய்க் கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். அக்கா வாங்கில் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அன்று அவள் சோறு சாப்பிடவில்லை. நான் எதைச் சொன்னாலும், "அவ சொன்னது சரியாயும் இருக்கலாமெல்லோ. மறுநாளைத் தட்டிப்போட்டு அவன் சண்டையை மட்டும் வாசிச்சிருந்தால்?" என்று கேட்டாள்.

சில நாள் கழித்து அந்த அம்மா திரும்பி வந்தார். இந்த முறை தானாகவே வாங்கில் உட்கார்ந்தார்.

"வாசியுங்கோ, நான் கேக்கிறன்," என்றார். "அவன் வாசிச்சதெல்லாம் எனக்கும் தெரியவேணும். எந்த இடத்திலை அவன்ரை மனம் மாறினது எண்டு நான் பெத்தவள், கேட்டா எனக்குத் தெரியும்."

அப்படித்தான் அந்த வாசிப்புத் தொடங்கியது. மீன் விற்று முடிந்த நாட்களில் பின்னேரம் வருவார். அக்கா வகுப்பை முடித்துவிட்டுக் காத்திருப்பாள். மொழிபெயர்ப்பு பழைய பண்டிதத் தமிழில் இருந்தது. ஒவ்வொரு வசனமாக வாசித்துவிட்டு அக்கா அதை வீட்டுப் பேச்சில் மாற்றிச் சொல்லவேண்டியிருந்தது. அந்த அம்மா இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, பூசையில் பிரசங்கம் கேட்பதுபோலக் கேட்பார். களைப்பில் சிலநாள் இருந்தபடியே தூங்கிவிடுவார். அக்கா வாசிப்பதை நிறுத்துவாள். விழித்தவுடன் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். ஒருநாள் பொம்மர் விமானம் தாழப் பறந்து வந்தபோது மூவரும் வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் ஓடினோம். மண் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா புத்தகத்தை மூடி மடியில் வைத்ததைக் கண்டு அந்த அம்மா, "விட்ட இடத்திலை இருந்து வாசியுங்கோ, ரீச்சர். அதைக் கேட்டுக்கொண்டிருந்தா இது கேக்காது," என்றார். படிகளால் விழுந்த வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அக்கா வாசித்தாள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நகரத்தின் மதிலைக் கற்களால் எறிந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே எங்கள் ஊரின் மீது குண்டு விழுந்துகொண்டிருந்தது.

சண்டை அதிகாரங்களைத் தட்டிவிட்டுப் போகலாமா என்று அக்கா கேட்டதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அவன் தட்டியிருக்க மாட்டான் என்றார். ஆனால் சண்டை வாசிக்கும்போது வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர், மறுநாள் வந்தவுடன் அக்காவின் பக்கம் திரும்பி உட்காருவார். "இந்த மனிசன் பொய் சொல்லேல்லை," என்று ஒருநாள் சொன்னார். வேறொரு நாள் ஒரு மறுநாளை வாசித்து முடித்தபோது, "அந்தப் பெண்டுகளுக்கு இதைக் கேட்டிருந்தா ஆறுதலா இருந்திருக்குமோ என்னவோ," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நாட்கள் செல்லச் செல்ல இருவருக்கும் இடையில் ஒரு நெருக்கம் உண்டாயிற்று. கடகத்தின் அடியில் இலையில் சுற்றி அக்காவுக்கென்று நாலு திரளி மீன் வைத்துக்கொண்டு வருவார். வெள்ளிக்கிழமையில் கொண்டுவந்துவிட்டு, எங்கள் வீட்டில் அன்று சைவம் என்பது நினைவு வந்து, நாக்கைக் கடித்துக்கொள்வார். ஆனால் குற்றச்சாட்டை அவர் ஒருபோதும் கைவிடவில்லை. போகும்போது சிலவேளை படலையில் நின்று, "நீங்கள் நல்ல மனிசி, ரீச்சர். ஆனா நீங்கள் அதைக் குடுத்திருக்கக் கூடாது," என்பார். அக்கா தலையை ஆட்டுவாள்.

தொண்ணூற்றொன்றில், ஆனையிறவுப் பக்கம் பெரிய சண்டை நடந்த நாட்களில், அவன் இறந்துபோனான். சைக்கிளில் வந்த இருவர் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தாயிடம் சொன்னார்கள். மூடிய பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அக்காவும் நானும் போனோம். ஒரு வகுப்பறையில் மேசைகளைச் சேர்த்துப் பெட்டியை வைத்திருந்தார்கள். பெண்கள் ஒப்பாரி வைத்து அழுதார்கள். அந்த அம்மா அழாமல் பெட்டியின் மூடியில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். அக்காவைக் கண்டதும் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தார். அவள் காதருகே குனிந்து அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"இதுக்குள்ளை அவன்தான் கிடக்கிறானோ, ரீச்சர்? முகம் தெரியாமல் மாறிக் கொண்டுவந்து கிடத்தினதெண்டு அதிலை வாசிச்சனீங்களெல்லோ."

அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அடக்கம் வரை அப்படியே இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்து அலுமாரியின் மேல்தட்டில் உடுப்புகளுக்கு அடியில் வைத்தாள். அந்த அம்மா இனி வரமாட்டார் என்றுதான் இருவரும் நினைத்தோம். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு ஒரு பின்னேரம் வந்தார். கடகம் இல்லை. வாங்கில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்.

"மிச்சத்தையும் வாசியுங்கோ. அவன் முழுக்க வாசிச்சவனெல்லோ," என்றார்.

அக்கா உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தாள்.

இதற்குச் சிறிது காலத்தின் பின் அவனுடைய சிநேகிதன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். அதே வகுப்பில் பக்கத்தில் இருந்து படித்தவன். கொழும்புக்குப் புறப்படும் முன் சொல்லிக்கொண்டு போக வந்திருந்தான். அந்த அம்மாவைக் கொட்டிலில் கண்டுவிட்டு, ஏன் வருகிறார் என்று கேட்டான். நான் சொன்னேன். அவன் முகம் மாறியது.

"சேர், அவன் உந்தப் புத்தகத்தைத் திறந்தும் பாக்கேல்லை."

"தலைமாட்டிலை வைச்சுக்கொண்டு படுத்தவன் எண்டு தாய் சொல்லுறா."

"வைச்சிருந்தவன்தான். ரீச்சர் ஆசையாக் குடுத்ததை வேண்டாம் எண்டு சொல்லக் கூச்சத்திலை வாங்கினவன். அவன் போறதெண்டு அதுக்கு முதலே முடிவெடுத்திட்டான். தேப்பன்ரை தோணி கரைக்கு வந்த நாளிலை இருந்து அவனுக்கு அதுதான் நினைப்பு. ரீச்சர் கேட்டா என்ன சொல்லுறதெண்டு என்னைக் கேட்டவன். நல்லாயிருந்தது எண்டு சொல்லு எண்டு நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

அவன் போனபின் எனக்கு உடம்பெல்லாம் இலேசானதுபோல இருந்தது. ஓராண்டுக்கும் மேலாக அக்கா ஒரு பாறாங்கல்லைச் சுமப்பதுபோல அந்தப் பழியைச் சுமந்திருந்தாள். வகுப்பில் அவள் குரல் தாழ்ந்துவிட்டது. புத்தகத்தை வேறு எவருக்கும் கொடுப்பதில்லை. தலையின் ஒரு பக்கம் நரைத்துவிட்டது. இப்போது ஒரே வார்த்தையில் அதை இறக்கி வைத்துவிடலாம். அவள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ச் சொன்னேன். கையில் சவர்க்காரத்தோடு அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தாயிட்டைச் சொல்லுவம் அக்கா. இண்டைக்கே சொல்லுவம்," என்றேன்.

"வேண்டாம்."

"ஏன்? உங்களிலை பழி இல்லையெண்டு அவவுக்கும் தெரியவேணுமெல்லோ."

அக்கா தோய்த்த சேலையைப் பிழிந்து கொடியில் விரித்துவிட்டுத்தான் பேசினாள். "அவன் வாசிச்சவன் எண்டுதான் அவ வாறா. மகனோடை இருந்து கேக்கிற மாதிரித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா. பெட்டியைத் திறந்து முகம் பாக்கவும் விடேல்லை. இப்ப இதையும் பறிக்கிறதே?"

"அப்ப உங்களிலை கிடக்கிற பழி?"

"அது கிடக்கட்டும். அவவுக்கு ஆரையாவது கோவிக்க வேணுமெல்லோ. பக்கத்திலை நான் இருக்கிறன்."

அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வாசிப்பு நடந்துகொண்டே இருந்தது. முடிவுக்குக் கிட்ட ஒரு மறுநாள் வரும். துறைமுகச் சண்டைக்கு அடுத்த காலை, ஆள் இல்லாத படகுகள் அலையில் ஒவ்வொன்றாகக் கரைக்கு வருகின்றன. ஒரு படகோட்டியின் மகன் தகப்பனின் படகை மட்டும் கழுவித் துடைத்து இழுத்து வைத்துவிட்டு, நேரே போய் ஈட்டி வாங்குகிறவர்களின் வரிசையில் நிற்கிறான். கேடயம் சுமந்தவன் அதை மிகச் சுருக்கமாக எழுதியிருந்தான். அக்கா அதை வாசித்து முடித்தபோது அந்த அம்மா கையைத் தூக்கினார்.

"இதுதான், ரீச்சர். இந்த இடத்திலைதான் அவன்ரை மனம் போயிருக்கும்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் புத்தகப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருக்கலாம் அம்மா," என்றாள். அந்த இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னார். அக்கா அவருடைய விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்தாள். மீன் செதில் வெட்டி வெட்டித் தழும்பேறிய அந்த விரல், தனக்குத் தெரியாத எழுத்துகளின் மேல் மெல்ல ஊர்ந்து போனது. முதன்முறையாக அவர் அன்றுதான் எங்கள் முன்னால் அழுதார். ஈட்டி வாங்கப் போன மகனைத் தாய் மறித்தாளா என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டார். அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றாள் அக்கா. "இருக்காதுதான். அவள் கிணத்தடிக்குப் போயிருப்பாள்," என்றார்.

புத்தகம் முடிந்த பிறகும் அவர் வந்துகொண்டிருந்தார். கடைசிப் பக்கங்கள் இல்லை என்பதால் போர் எப்படி முடிந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை; அவர் அதைக் கேட்கவும் இல்லை. மறுநாள்களைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமம் பகுதி முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட வேண்டி வந்தது. மழைக்குள், சைக்கிளில் கட்டிய மூட்டைகளோடு நாங்களும் அந்தச் சனத்துக்குள் நகர்ந்து நகர்ந்து சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தோம். தெரிந்தவர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. புத்தகத்தை எடுக்க மறந்துவிட்டோம். இரண்டு கிழமைக்குப் பிறகு, தேவாலய வளவு ஒன்றில் உணவுக்காக வரிசையில் நின்றபோது அந்த அம்மாவைக் கண்டோம். மரத்தடியில் சாக்கு விரித்து நாலைந்து பெண்களோடு இருந்தார். அவர்களும் பிள்ளைகளைக் கொடுத்தவர்கள். அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கிட்டப் போனபோதுதான் விளங்கியது. அந்தக் கரையில் மறுநாள் கிணற்றடிக்கு வராதவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவின் சொற்களே பாதி அதில் இருந்தன. சண்டை ஒன்றும் அதில் இல்லை.

அடுத்த நாள் கிளாலியால் படகேறி வன்னிக்குப் போவதாகச் சொன்னார். அங்கே அவருடைய தமக்கையின் குடும்பம் இருந்தது. அக்காவைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். நான் குடையோடு பின்னால் நின்றேன்.

"ரீச்சர், இவ்வளவு காலமும் உங்களிலை ஒரு கோவத்தை வைச்சிருந்தனான். உங்கடை கையாலை தேத்தண்ணி வாங்கிக் குடிச்சுக்கொண்டும் வைச்சிருந்தனான். அதையும் கொண்டுகொண்டு கடல் கடக்க எனக்கு மனமில்லை. நான் உங்களை மன்னிச்சிட்டன்."

ஒரு சொல்லில் அக்கா அதை மறுத்திருக்கலாம். அவள் இரண்டு கைகளாலும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "ஓம் அம்மா. எனக்கு அது பெரிய காரியம்," என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். அந்த அம்மா சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு அவரை நாங்கள் காணவில்லை. வன்னியில் அவருக்கு என்ன ஆனது என்று எத்தனையோ பேரிடம் விசாரித்தும் தெரியவில்லை.

திரும்பி நடக்கும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "செய்யாததுக்கு மன்னிப்பு வாங்கினனீங்கள். அதுக்கு ஏன் அக்கா அழுதனீங்கள்?" என்று கேட்டேன்.

"செய்யாததுக்கில்லையடா," என்றாள். "அவன் வாசிச்சிருந்தா ஒருவேளை நிண்டிருப்பான். நான் புத்தகத்தைக் குடுத்திட்டு, சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன். போகாதை எண்டு என்ரை வாயாலை அவனுக்கு ஒருக்காலும் சொல்லேல்லை. எனக்கும் பயம்தானே."

அடுத்த கிழமை, இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கென்று ஒரு தென்னங்காணியில் வகுப்புகள் தொடங்கின. அக்காவையும் கூப்பிட்டார்கள். நான் பக்கத்து மரத்தடியில் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாடத்தின் நடுவில் அவள் குரல் திடீரென்று உயர்ந்தது. பல ஆண்டுகளாக நான் கேட்காத குரல். "பிள்ளையள், ஒருதரும் போகாதையுங்கோ. நான் சொல்லுறன். போகாதையுங்கோ," என்றாள். மற்ற மரத்தடிகளில் இருந்த பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து இயக்கத்து இளைஞர்கள் இருவர் வந்து, ரீச்சர் இனிமேல் வகுப்பெடுக்கத் தேவையில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் அதற்குப் பிறகு எங்கேயும் படிப்பிக்கவில்லை. மறுஆண்டு நல்லூருக்குத் திரும்பியபோது வீட்டில் கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை. அவள் அந்தப் புத்தகத்தைத் தேடவில்லை.

சென்ற ஆண்டு அக்கா இறந்தாள். செத்தவீட்டுக்கு நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் மனைவியோடும் மகளோடும் சாவகச்சேரியிலிருந்து வந்திருந்தார். எனக்கு அவரைத் தெரியவில்லை. எங்கள் ரியூட்டரியில் படித்தவரா என்று கேட்டேன். இல்லை என்றார். தென்னங்காணியில் ஒரேயொரு நாள்தான் ரீச்சரிடம் படித்ததாகச் சொன்னார். சிறிது நேரம் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குப் பக்கத்திலை இருந்தவன் அடுத்த நாளே இயக்கத்துக்குப் போட்டான், சேர்," என்றார். "நான் நிண்டிட்டன்."